நாலில் எது நம்முடையது?

கச்சேரிக்குப் போய்விட்டு வந்தவர்களைப் பிடித்து, "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டைப் பற்றிச் சொல்வார்கள். பிடிலைப் பற்றிச் சொல்வார்கள். மிருதங்கத்தைப் பற்றி ஒரு சண்டையே போடுவார்கள். தம்புராவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதுண்டா? ஆனால் அந்தத் தம்புரா நடுவில் ஓய்ந்துவிட்டால் கச்சேரி அந்தரத்தில் நிற்கும். இருக்கும்போது தெரியாமலும் இல்லாதபோது தெரிந்தும் போகிற பிறவிகள் குடும்பத்திலும் உண்டு, சங்கீதத்திலும் உண்டு.

மேல்நாட்டு மெல்லிசையில் அத்தகைய பிறவி பேஸ் கிட்டார் என்னும் வாத்தியம். சாதாரணக் கிட்டாரின் மந்தரத் தந்திகள் நான்குக்கும் ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்த்த நான்கு தடித்த தந்திகள் அதற்கு உண்டு. அவற்றில் மிகத் தாழ்ந்தது வினாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. அந்த நாதம் காதில் விழுகிறது என்பதைவிட மார்பில் விழுகிறது என்பதே பொருத்தம். தாளத்தையும் பாட்டையும் பிரிந்து போகாமல் சேர்த்துக் கட்டி வைப்பது அதன் உத்தியோகம். இளையராஜாவின் திரைப்பாட்டுக்களைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடகர் மேலே ஒரு பாட்டுப் பாட, அடியிலே இந்த வாத்தியம் தனக்கென்று இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும்.

இந்த வேலையை முன்காலத்தில் செய்து வந்தது ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய பிடில். அதை ஊருக்கு ஊர் எடுத்துச் செல்வது ஒரு பீரோவைக் கட்டி இழுப்பதற்குச் சமானம். எடுத்துச் சென்றாலும், மற்ற வாத்தியங்களின் இரைச்சலில் அதன் குரல் எழும்புவதில்லை. கலிபோர்னியாவில் புல்லர்டன் என்னும் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ பெண்டர் என்பவர், 1951-ல் இதற்கு ஒரு வழி கண்டார். கழுத்தில் தொங்கவிடலாம், மின்சாரத்தால் குரல் பெருகும், மெட்டுக்கள் பதித்திருப்பதால் விரல் வைத்த இடத்தில் ஸ்வரம் பிசகாது. பிசகாது என்பதைக் குறித்தே 'பிரிஸிஷன்' என்று அதற்குப் பெயர் வைத்தார். 1956-ல் ஜெர்மனியின் ஹாப்னர் கம்பெனியார் பிடில் உருவத்தில் சிறிய பேஸ் ஒன்றைச் செய்தார்கள். 1960-ல் பெண்டரே, மெலிந்த கழுத்துடன் 'ஜாஸ் பேஸ்' என்று இன்னொன்றை வெளியிட்டார். பிறகு ஐந்து தந்தி, ஆறு தந்தி, மெட்டே இல்லாதது என்று வகைகள் பெருகின.

வகைகள் பெருகினால் வியாதியும் பெருகும் அல்லவா? ஒரு பேஸ் வைத்திருப்பவர் வித்வான்; இரண்டு வைத்திருப்பவர் முன்ஜாக்கிரதைக்காரர்; நாலு வைத்திருப்பவர் வீட்டில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும். "இது பழைய பாட்டுக்கு, இது புதுப் பாட்டுக்கு, இது மழைக்கு" என்பார். நியாயங்கள் எல்லாம் செல்லுபடியாகும், வீடு பெரிதாக இருக்கும் வரையில்.

என் நண்பர் ஒருவர் மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருஷம் பேஸ் வாசித்தவர். வயது 62. சொந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு அறைகள் உள்ள அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோக வேண்டியிருந்தது. நாலு வாத்தியங்களில் ஒன்றுக்குத்தான் அங்கே இடம். எதை வைத்துக்கொள்வது என்பதில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. கவலை மரத்தைப் பற்றியதல்ல என்பது சீக்கிரமே தெரிந்தது. "மூன்றை விற்றால், 'இவன் வாசித்து முடித்துவிட்டான்' என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல் இருக்கிறதே, வாத்தியாரே!" என்றார்.

ஆலோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. விலை அதிகமானதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஒருவர். நல்ல யோசனைதான், ஆனால் அது வாத்தியத்தைப் பற்றிய யோசனையல்ல, பாங்கியைப் பற்றியது. முதல் முதல் வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் இன்னொருவர். ஞாபகார்த்தம் முக்கியமே. ஆயினும் ஞாபகத்துக்கு ஒரு போட்டோ போதும். அதற்கு மாதம் ஒரு முறை சுருதி சேர்க்க வேண்டியதில்லை. எது நாதம் உயர்ந்ததோ அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மூன்றாமவர். இதுதான் நியாயமாகத் தோன்றியது.

ஆனால் பேஸின் நாதத்தை எப்படிப் பரீட்சிப்பது? தனி அறையில் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பது போன்ற ஏமாற்று வேறில்லை. தாழ்ந்த ஸ்வரங்களுக்கு அறையின் மூலைகள் அபார பலம் கொடுத்துவிடும். மூலையில் ஒலிபெருக்கியை வைத்தால் எந்தப் பேஸும் சிங்கம். அதையே நடு அறைக்கு நகர்த்தினால் ஆடு. இது தவிர இன்னொரு விஷயம். தனியே கேட்கும்போது பளபளவென்று பிரமாதமாக ஒலிக்கும் பேஸ், மற்ற வாத்தியங்களுடன் சேர்ந்ததும் இருக்குமிடம் தெரியாமல் போய்விடும். தனியே கேட்டால் "இவ்வளவுதானா?" என்று தோன்றுவது, கூட்டத்தில் தூண் போல் நிற்கும். கூடி வாழப் பிறந்த வாத்தியத்தைக் கூட்டத்தில் வைத்துத்தான் பரீட்சை செய்ய வேண்டும்.

அவ்விதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடாயிற்று. பழைய குழுவிலிருந்து டிரம்ஸ்காரரும் கீபோர்டுக்காரரும் வந்தார்கள். நண்பர் ஒரே பாட்டை நாலு பேஸிலும் வாசித்தார். எது எதுவென்று தெரியாமல் நான் அடுத்த அறையில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் மிகவும் விரும்பியிருந்த ஐந்து தந்திப் பேஸ், டிரம்ஸின் முழக்கத்தோடு குழம்பிக் கூழாகிவிட்டது. ஜாஸ் பேஸ் பரவாயில்லை. பிடில் உருவச் சின்னப் பேஸ் இனிமையாக இருந்தது; ஆனால் குரல் கொஞ்சம் சன்னம். மூன்றாவதாக வாசித்தபோதுதான், பாட்டின் ஒவ்வொரு அடியும் எங்கே ஊன்றி நிற்கிறது என்பது விளங்கியது. அது செகண்ட்ஹாண்டில் வாங்கிய பழைய பிரிஸிஷன். அலங்காரம் இல்லாதது, வர்ணம் உதிர்ந்தது. சமையலறையிலிருந்து நண்பரின் மனைவியும் அதே தீர்ப்பைச் சொன்னார்: "மூன்றாம் தடவை பாட்டு நன்றாயிருந்தது." பேஸ் நன்றாயிருந்தது என்று அந்த அம்மாள் சொல்லவில்லை, பாட்டு நன்றாயிருந்தது என்றார். ஒரு பேஸுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். நண்பர் மட்டும் இடது தோளைப் பிடித்துக்கொண்டு மௌனமாக இருந்தார். அந்தப் பழைய பேஸின் எடை நாலரைக் கிலோ. அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம். முப்பது வருஷம் அதைச் சுமந்த தோள் இப்போது பத்து நிமிஷத்தில் கெஞ்சுகிறது. சின்னப் பேஸோ ஏறக்குறையப் பாதி எடைதான்; தந்தி 30 அங்குலம். விரல்கள் அதிகம் எட்ட வேண்டியதில்லை.

"நீங்கள் தினம் காலையில் கையில் எடுப்பது சின்னதைத்தானே?" என்றார் அந்த அம்மாள்.

இந்த ஒரு வார்த்தையில் சிக்கல் அவிழ்ந்துவிட்டது. எது சிறந்தது என்பது ஒரு கேள்வி. எது என்னிடம் இருக்கவேண்டியது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதனால்தான் இத்தனை நாள் தூக்கம் கெட்டது. சிறந்த வாத்தியம், அதைத் தூக்கி நின்று வாசிக்கக் கூடியவனிடம் இருக்கவேண்டும். நம்மிடம் இருக்கவேண்டியது, நாளைக் காலையில் நம் கை தானாக எடுக்கக் கூடிய வாத்தியம்.

சின்னப் பேஸ் புது வீட்டுக்குப் போயிற்று. ஜாஸ் பேஸும் ஐந்து தந்தியும் விற்று, குடிபோகும் செலவுக்கு ஆயின. பழைய பிரிஸிஷனை, குழுவில் இப்போது அவருடைய இடத்தில் இரவல் வாத்தியத்துடன் வாசிக்கும் இருபது வயதுப் பையனுக்குக் கொடுத்தார். சும்மா கொடுத்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் சும்மா வந்த பொருளுக்கு மதிப்பிராது என்பது அவர் கட்சி. மாதத் தவணை பேசிக்கொண்டார்.

ஒரே வாத்தியத்தோடு நின்றுவிட்டால் கலை குறைந்து போகுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஜேம்ஸ் ஜேமர்ஸனின் சரித்திரம் நல்ல மருந்து. டெட்ராயிட் நகரில் மோட்டவுன் கம்பெனியின் புகழ் பெற்ற இசைத்தட்டுக்கள் எத்தனையோவற்றில் பேஸ் வாசித்தவர் அவர். அவற்றுள் பெரும் பகுதியை 1962-ஆம் வருஷத்துப் பிரிஸிஷன் ஒன்றிலேயே வாசித்தார். வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால்! தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்றும் சொல்வார்கள். 1983-ல் அவர் இறப்பதற்குச் சிறிது முன்னால் அந்தப் பேஸ் திருட்டுப் போயிற்று. அதில் பிறந்த சங்கீதத்தை யாரும் திருட முடியவில்லை.

இதற்கு நேர் மாறாக, 'தி ஹூ' குழுவின் ஜான் எண்ட்விஸில் வாத்தியங்களை வாங்கிக் குவித்தவர். 2002-ல் அவர் காலமானார். மறு வருஷம் மே மாதம் லண்டனில் ஸதபி ஏலக் கம்பெனியார் அவருடைய சேகரத்தை ஏலம் விட்டார்கள். உடைந்துபோன பல பேஸ்களின் உறுப்புக்களைச் சேர்த்துத் தாமே பூட்டி, 'பிராங்கன்ஸ்டைன்' என்று பெயரிட்டு அருமையாக வைத்திருந்ததும் அதில் போயிற்று. எது யாருக்கு என்று நாம் தீர்மானிக்காவிட்டால், ஏலக்காரரின் சுத்தியல் தீர்மானிக்கும்.

உயிரோடு இருக்கும்போதே தீர்மானித்தவர்களும் உண்டு. 'பிங்க் பிளாய்ட்' குழுவின் டேவிட் கில்மர், 2019-ல் தம்முடைய கிட்டார்களில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை நியூயார்க்கில் ஏலத்துக்கு விட்டார். 2 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அதைப் பூமியின் தட்பவெப்பம் கெடாமல் காக்கப் பாடுபடும் தர்ம ஸ்தாபனம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். நம்முடைய சேகரங்கள் அவ்வளவு பெரிதல்ல. ஆனால் "இது இனி யார் கையில் ஒலிக்க வேண்டும்?" என்ற கேள்வி பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒன்றுதான்.

"எதையும் விற்கவேண்டாம், மற்றவற்றைப் பரணில் போட்டு வைத்தால் என்ன?" என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். வாத்தியம் அரிசி மூட்டையல்ல. பேஸின் நாலு தந்திகளும் சேர்ந்து 70, 80 கிலோ பாரத்துடன் அதன் கழுத்தை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. உள்ளே ஓர் இரும்புக் கம்பி எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பரணின் வெக்கையிலும் ஈரத்திலும் இந்த மல்யுத்தத்தில் மரம் வளையும், மெட்டுக்கள் களிம்பேறும், திருகுகள் கரகரக்கும்.

பால் மக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுனுக்கு வாங்கிய ஹாப்னர் பேஸ், பீட்டில்ஸ் குழுவின் முதல் கீர்த்திக்குக் காரணமான பாட்டுக்களில் ஒலித்தது. 1972-ல் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து களவு போன அது, இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் கிடந்து, ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அவரிடம் திரும்பி வந்த செய்தி 2024-ல் வெளியாயிற்று. வாசிப்பதற்கு முன்னால் அதைப் பழுது பார்க்கவேண்டியிருந்தது. உலகத்தில் அதைவிடப் பெயர் பெற்ற பேஸ் வேறு உண்டா என்பது சந்தேகம். ஆயினும் பரணில் கிடந்த காலமெல்லாம் அது வெறும் மரந்தான். இதற்கிடையில் மக்கார்ட்னி சும்மா இருந்துவிடவில்லை. வேறு பேஸில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

உங்கள் வீட்டுப் பரணில் பேஸ் கிட்டார் இராது. வீணையோ, ஆர்மோனியமோ, தையல் இயந்திரமோ இருக்கலாம். அடுத்த விடுமுறையில் கீழே இறக்கித் தூசி தட்டி, வீட்டிலுள்ளவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேளுங்கள். இதை நாளைக்கு நம்மில் யார் கையில் எடுப்பார்? ஒருவரும் இல்லையென்றால், எடுக்கக் கூடியவர் எந்தத் தெருவில் இருக்கிறார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காமல் திரும்பவும் பரணில் ஏற்றாதீர்கள்.