மெய்நிகர் ஊர்களில் வாடகைக் குடிகள்

1980-களின் நடுப்பகுதியில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் ‘ஹாபிடாட்’ என்றொரு மெய்நிகர் ஊரை உருவாக்கியது. கமடோர் 64 கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து அந்த ஊருக்குள் போக வேண்டும். தெருக்கள் உண்டு, வீடுகள் உண்டு, டோக்கன் என்ற பெயரில் ஊர்ப் பணமும் உண்டு. சோதனைக் காலத்தில் ஒரு நாள் காலையில் கணக்கைப் பார்த்த பொறியாளர்கள் திகைத்துப்போனார்கள். ஊரில் புழங்கிய மொத்தப் பணம் ஒரே இரவில் ஐந்து மடங்காகியிருந்தது.

காரணம் எளியது. ஓர் இயந்திரம் 75 டோக்கனுக்குப் பொம்மை விற்றது. ஊரின் மறுகோடியில் இருந்த அடகு இயந்திரம் அதே பொம்மைக்கு 100 டோக்கன் கொடுத்தது. இந்தப் பிழையைச் சிலர் கண்டுபிடித்து, இரவெல்லாம் பொம்மைகளைச் சுமந்து அலைந்திருக்கிறார்கள். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் இதேபோல் விலை பிசகியிருந்த படிகக் கோளங்களுக்குத் தாவியிருக்கிறார்கள். கதையின் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. திடீர்ப் பணக்காரர்களான அவர்கள் அந்தப் பணத்தை ஊராருக்கான புதையல் வேட்டைகளுக்கும் விளையாட்டுகளுக்கும் செலவிட்டார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஹாபிடாட்டை வடிவமைத்த சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் தங்கள் அனுபவக் கட்டுரையில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்தப் பணத்துக்கு ஊரைவிட்டு வெளியேறும் வழி இல்லை. டோக்கனை டாலராக்கி வீட்டு வாடகை கட்ட முடியாது. சேர்த்துவைத்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அதனால் அது கொண்டாட்டமாக மாறியது. பணம் நுழைந்ததும் இணையச் சமூகம் கெட்டுவிட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. பணம் ஏறக்குறைய தொடக்கத்திலிருந்தே அங்கே இருக்கிறது. அந்தப் பணம் வெளியேறலாமா, கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார் என்ற இரண்டும்தான் ஊரின் பண்பாட்டை மாற்றுகின்றன. இதை ‘செகண்ட் லைஃப்’ உலகத்தின் வரலாற்றில் தெளிவாகப் பார்க்கலாம்.

வரி எதிர்ப்பு

பிலிப் ரோஸ்டேல் நிறுவிய லிண்டன் லேப், சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 2003 ஜூனில் செகண்ட் லைஃபைத் திறந்தது. வெல்ல வேண்டிய எதிரியோ ஏற வேண்டிய நிலைகளோ அங்கே இல்லை. வெறும் நிலமும் கட்டுமானக் கருவிகளும் தரப்பட்டன. மற்ற எல்லாவற்றையும் வந்தவர்களே கட்டினார்கள். ஆனால் கட்டிய ஒவ்வொரு பொருளுக்கும் வாராவாரம் லிண்டன் டாலரில் வரி பிடிக்கப்பட்டது. சிறு குடிசை கட்டியவர் தப்பித்தார். பலர் சேர்ந்து பெரிதாக எதையாவது எழுப்பினால் வரி கழுத்தை நெரித்தது.

‘அமெரிக்கானா’ என்ற குழு, அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடங்களைக் கூட்டாகக் கட்டிவந்தது. வெடித்தது அங்கேதான். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய வரலாற்றை நினைவூட்டும் வகையில் ராட்சதத் தேயிலைப் பெட்டிகளை உலகமெங்கும் அடுக்கினார்கள். கட்டடங்களுக்குத் தீ மூட்டினார்கள். இது கலகம்தான். ஆனால் ஒரு பொருளைச் செய்து, அதைப் பொதுவெளியில் நிறுத்தி, மற்றவரைப் பார்க்கவைப்பதே அந்த ஊரின் இயல்பு. எதிர்ப்பும் அந்த மொழியிலேயே வந்தது.

கலகம் வென்றது. அந்த ஆண்டு நவம்பரில், குடியிருப்போர் உருவாக்கும் பொருள்களின் அறிவுசார் சொத்துரிமை அவர்களுக்கே என்று லிண்டன் லேப் அறிவித்தது. சட்ட அறிஞர் லாரன்ஸ் லெசிக்கின் ஆலோசனை இதன் பின்னால் இருந்தது. அதுவரை எந்தப் பெரிய மெய்நிகர் உலகமும் தராத உரிமை இது. பொருள்கள் மீதான வரி ஒழிந்தது. நிலத்துக்கு மாதக் கட்டணம் வந்தது.

இந்த இரண்டாவது மாற்றத்தின் ஆழம் அப்போது பலருக்குப் புரிந்திருக்காது. வரி கூட்டு முயற்சியைத் தண்டித்தது என்றால், நிலக் கட்டணம் கூட்டு முயற்சிக்கு ஓர் உரிமையாளரைக் கேட்டது. மாதா மாதம் டாலரில் யாரோ ஒருவர் கட்ட வேண்டும். கட்டுபவர் நிலக்காரர். மற்றவர்கள் அவருடைய விருந்தாளிகள், பிறகு வாடகைதாரர்கள். ‘குடியிருப்போர்’ என்று நிறுவனம் அழைத்தவர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு வகுப்பாகப் பிரிந்தார்கள்.

உட்கார்ந்தால் காசு

2005-ல் லிண்டன் டாலரை அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ளும் சந்தையை நிறுவனமே திறந்தது. சுமார் 250 முதல் 270 லிண்டன் டாலருக்கு ஓர் அமெரிக்க டாலர். அடுத்த ஆண்டு மே மாதம் ‘பிசினஸ்வீக்’ இதழ் ஆன்ஷி சங் என்ற அவதாரை, அதாவது ஒருவரின் மெய்நிகர் உருவத்தை, அட்டையில் போட்டது. மெய்நிகர் நிலத்தை வாங்கி, மேம்படுத்தி, துண்டு போட்டு வாடகைக்கு விட்டவர் அவர். உள்ளே வந்தால் சம்பாதிக்கலாம் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. அந்த ஜூனிலிருந்து இலவசக் கணக்கு தொடங்குவதும் எளிதாக்கப்பட்டது.

அந்தக் காலத்தின் முழுக் கதையையும் ஒரு நாற்காலி சொல்லிவிடும். எந்த இடத்துக்கு அதிகம் பேர் வருகிறார்களோ அது தேடலில் மேலே வரும். ஒரு கட்டத்தில் அதற்கு ஊக்கத்தொகையும் கிடைத்தது. அதனால் கடைக்காரர்கள் தங்கள் நிலத்தில் நாற்காலிகள் போட்டார்கள். ‘கேம்பிங்’ என்று அதற்குப் பெயர். அதில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குச் சில லிண்டன் டாலர் கிடைக்கும். அமெரிக்கக் காசில் ஒரு சென்ட் அளவு. வரிசை வரிசையாக அவதார்கள் உட்கார்ந்திருந்தன. பேசினால் பதில் வராது, ஏனெனில் கணினியின் முன்னால் ஆள் இல்லை. புதிதாக உள்ளே வந்தவர், கூட்டம் இருக்கும் இடம் என்று தேடிப்போனால் இந்த மௌனச் சபைக்குத்தான் போய்ச் சேர்ந்தார். எங்கே கூட்டம் கூடியதோ அங்கே உரையாடல் நடந்த ஊரில், கூட்டத்துக்கும் உரையாடலுக்கும் இருந்த உறவு அறுந்தது. யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. வருகையை அளந்து, அந்த அளவுக்கு விலை வைத்தார்கள்; அவ்வளவுதான் நடந்தது.

2006 நவம்பரில் ‘காப்பிபாட்’ வந்தது. மற்றவர் செய்த பொருளை அப்படியே நகலெடுக்கும் நிரல் அது. கடைக்காரர்கள் கொதித்தார்கள்; பலர் எதிர்ப்பாகக் கடையை அடைத்தார்கள். நிறுவனம் அதன் பயன்பாட்டை விதிமீறல் என்று அறிவித்தது. கடைக்காரர்களின் கோபம் நியாயமானது. உடையும் தலைமுடியும் செய்து விற்று வீட்டுச் செலவைச் சமாளித்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அடுத்தவர் பொருளைப் பிரித்துப் பார்த்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக் கற்றுக்கொள்வது தொடக்க காலத்தில் பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. காப்பிபாட்டுக்குப் பின் அதே ஆர்வம் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. அண்டைவீட்டுக்காரர் வாடிக்கையாளராகவோ போட்டியாளராகவோ ஆனார். மூன்றாவதாகத் திருடராகவும் ஆகலாம் என்ற பயம் சேர்ந்துகொண்டது.

2007-ல் சூதாட்டம் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னே மக்கள் பணத்தை எடுக்க ஓட, ‘ஜிங்கோ ஃபைனான்ஷியல்’ என்ற உள்ளூர் ‘வங்கி’ விழுந்தது. ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி தருவதாகச் சொன்ன வங்கி அது. சுமார் 7.5 லட்சம் டாலர் மதிப்புள்ள சேமிப்பு போனது. அடுத்த ஜனவரியில் வங்கிகளுக்கே தடை வந்தது. அமெரிக்கன் அப்பேரல் போன்ற வெளி நிறுவனங்கள் ஆரவாரமாகக் கடை திறந்து ஆளில்லாமல் மூடியது பற்றி அந்நாளில் நிறைய எழுதினார்கள். உண்மையில் அவை ஊரின் பண்பாட்டைத் தொடவே இல்லை; வந்தன, போயின.

காணாமல் போன கடல்கள்

ஊரின் பண்பாட்டைத் தொட்டது எது என்றால், 2008 அக்டோபர் அறிவிப்பு. ‘ஓப்பன்ஸ்பேஸ்’ என்ற மலிவான நிலவகை ஒன்று இருந்தது. காடு, கடல், பொட்டல் என்று கணினிக்குச் சுமை தராத வெளிகளுக்காக மாதம் 75 டாலருக்குத் தரப்பட்டது. மக்கள் அதில் படகு விட்டார்கள், தோட்டம் போட்டார்கள். சிலர் வீடு கட்டி வாடகைக்கும் விட்டார்கள். அதனால் சுமை கூடியதும் உண்மை. நிறுவனம் கட்டணத்தை 125 டாலராக்குவதாக அறிவித்தது. கண்டனம் எழுந்த பிறகு, அந்த நிலங்களில் பெரும்பாலானவற்றை 95 டாலர் வகைக்கு மாற்றிக்கொள்ள வழிவிட்டது. அதற்குள் பலர் நிலத்தைக் கைவிட்டிருந்தார்கள். கடைகள் தாக்குப்பிடித்தன, ஏனெனில் கடை தன் வாடகையைத் தானே சம்பாதிக்கும். கடல் எதையும் சம்பாதிக்காது. எந்த லாபமும் தராமல், நடந்து போகவும் உட்கார்ந்து பேசவும் மட்டும் இருந்த வெளிகள்தான் முதலில் மறைந்தன. ஒரு சமூகத்தின் பண்பாடு பெரும்பாலும் அத்தகைய வெளிகளில்தான் வளர்கிறது என்பதால், இந்த இழப்பை வெறும் விலை உயர்வாக என்னால் பார்க்க முடியவில்லை.

கல்வி நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் இருந்த பாதிக் கட்டணச் சலுகையை நீக்குவதாக 2010-ல் நிறுவனம் அறிவித்தது. பல்கலைக்கழகங்கள் வெளியேறின; அவற்றில் பல ‘ஓப்பன்சிம்’ என்ற கட்டற்ற மென்பொருளில் தங்கள் சொந்த உலகத்தை அமைத்துக்கொண்டன. 2013-ல் சலுகை திரும்பியது. ஆனால் மாணவர்களும் ஆசிரியர்களும் உலவிய காலம் அதோடு திரும்பவில்லை.

வணிகம் அந்த உலகத்துக்கு நன்மையே செய்யவில்லை என்பது பொய். கைவினை நயம் வியக்கத்தக்க அளவு உயர்ந்தது. உடல் இயலாமையால் வெளியே வேலைக்குப் போக முடியாத சிலருக்கு அது வருமானமும் மரியாதையும் தந்தது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக ஆண்டுதோறும் அங்கே நடக்கும் நிதி திரட்டலில் கடைக்காரர்களே முன்னால் நிற்கிறார்கள். தங்கள் விற்பனைப் பணத்தைத் தருகிறார்கள். ஹாபிடாட்டின் புதையல் வேட்டை மனம் சாகவில்லை. வாடகை போக மிஞ்சியதில் அது வாழ்கிறது.

சுடப்பட்ட நினைவுச்சின்னம்

மக்கள் எதிர்ப்பது பணத்தை அல்ல என்பதற்கு ‘ஈவ் ஆன்லைன்’ நல்ல சான்று. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் நடத்தும் விண்வெளி உலகம் அது. ஆட்ட நேரத்தை உண்மைப் பணத்தில் வாங்கி, உள்ளூர்ப் பணத்துக்கு விற்கும் ‘பிளெக்ஸ்’ முறை 2008 முதல் அங்கே இருக்கிறது. ஆட்டக்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 2011 ஜூனில் அலங்காரக் கடை திறந்து, ஓர் ஒற்றைக் கண்ணாடியைச் சுமார் 60 டாலருக்கு விற்றபோது சீறினார்கள். அதே வேளையில், பேராசை நல்லதா என்று தலைப்பிட்ட நிறுவனத்தின் உள்சுற்று இதழும் கசிந்தது. அலங்காரத்தோடு நிற்காமல் ஆற்றலையும் விற்பார்களோ என்ற அச்சம் பரவியது. சந்தை மையமான ஜிட்டா என்ற விண்மீன் மண்டலத்தில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் கூடி, அங்கிருந்த நினைவுச்சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தன.

ஆனால் ஈவ் உலகத்தில் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம் ஒன்று இருந்தது. நிறுவனம் அதன் உறுப்பினர்களை ரெய்க்யவிக்குக்கு அழைத்துப் பேசியது. ஆற்றல் விற்பனைக்கு இல்லை என்ற உறுதி வந்தது. அக்டோபரில் தலைமை நிர்வாகி ஹில்மர் பெட்டுர்சன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மன்றத்துக்குச் சட்ட அதிகாரம் ஏதுமில்லை. இருந்தும், விலை பற்றிப் பேச ஒரு மேசை இருந்தது.

அந்த மேசை இல்லாத இடத்தில்தான் இன்று மிகப் பெரிய கூட்டம் இருக்கிறது. 2006-ல் தொடங்கிய ‘ரோப்லாக்ஸ்’ 2021 மார்ச்சில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்போது அது தாக்கல் செய்த ஆவணத்தின்படி, பயனர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 13 வயதுக்கு உட்பட்டவர்கள். அங்கே விளையாட்டுகளை உருவாக்குவதும் பயனர்களே. தினமும் உள்ளே வந்தாலே கிடைத்த ‘டிக்ஸ்’ என்ற இலவசப் பணம் 2016-ல் ஒழிக்கப்பட்டது. காசில்லாத பிள்ளையும் அதைச் சேர்த்துத் தன் அவதாருக்குச் சட்டை வாங்க முடிந்தது. அதன் பிறகு காசு கொடுத்து வாங்கும் ‘ரோபக்ஸ்’தான். தொடக்கத் தோற்றத்திலேயே திரிகிற பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள். இந்த நோய் ரோப்லாக்ஸோடு நிற்கவில்லை. தோற்றம் வாங்காதவனை ‘டிஃபால்ட்’ என்று ஏசுவதைப் பற்றி இங்கிலாந்தின் குழந்தைகள் நல ஆணையர் 2019-ல் வெளியிட்ட அறிக்கையில் பிள்ளைகளே பேசியிருக்கிறார்கள்.

பணம் உள்ளே போகும் விலையும் வெளியே வரும் விலையும் அங்கே வேறுவேறு. வழக்கமான சில்லறை விலையில் ஒரு லட்சம் ரோபக்ஸ் வாங்க ஏறக்குறைய 1,250 டாலர் ஆனது. உருவாக்குநர் தான் சம்பாதித்த ஒரு லட்சம் ரோபக்ஸை மாற்றும்போது நெடுங்காலம் 350 டாலர்தான் கிடைத்தது. செயலிக் கடைகளின் பங்கு, கணினி வழங்கிச் செலவு, பாதுகாப்புச் செலவு என்று நிறுவனம் காரணங்கள் சொல்கிறது. அவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் மாற்றிக்கொள்ளத் தகுதி வயது 13. அந்த வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கை யார் விளக்குவது? தேயிலைப் பெட்டி அடுக்கவும் நினைவுச்சின்னத்தைச் சுடவும் அவர்களுக்குத் தெரியாது. தாங்கள் உழைப்பதாகவே பலர் நினைப்பதில்லை, விளையாடுவதாக நினைக்கிறார்கள்.

அவர்களுடைய பெற்றோரும் அரசுகளும் இதுவரை கேட்டிருப்பது பெரும்பாலும் பாதுகாப்புப் பற்றி: யார் குழந்தையோடு பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் விளையாடுகிறது என்று. அவை கேட்க வேண்டிய கேள்விகளே. அதோடு விலை பற்றியும் கேட்க வேண்டும். மாற்று விகிதம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது, உருவாக்குநர்கள் தேர்ந்தெடுத்த யாராவது அந்த அறையில் இருக்கிறார்களா, கட்டணம் மாறினால் எத்தனை மாதத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்று கேட்க வேண்டும். 2025 செப்டம்பரில் ரோப்லாக்ஸ் உருவாக்குநர்களுக்கான மாற்று விகிதத்தை 8.5 சதவீதம் உயர்த்தியது. ஒரு லட்சம் ரோபக்ஸுக்கு 380 டாலர். நல்ல செய்திதான், உருவாக்குநர்கள் கைதட்டினார்கள். அதை முடிவு செய்தது நிறுவனம் மட்டுமே. நாளை குறைக்க நினைத்தாலும் முடிவு செய்யப்போவது நிறுவனம் மட்டுமே.