எஃகைத் தயிராக்கலாம்... அச்சு தாங்குமா?

கெட்டித் தயிரைக் கலக்கினால் இளகும். பாதி உருகிய உலோகமும் அப்படித்தான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் இதைக் கண்டறிந்தார்கள். அந்தப் பதத்தில் அச்சில் அழுத்தினால், காற்றுக்குமிழ் குறைந்த உறுதியான பாகம் கிடைக்கும்.

அலுமினியக் கலவைகளுக்கு 600 டிகிரி செல்சியஸை ஒட்டியே இந்தப் பதம் வந்துவிடும். எஃகு அச்சு தாங்கும். ஆனால், எஃகையே இப்படி வார்க்க 1,250 டிகிரிக்கு மேல் வேண்டும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அச்சில் மயிரிழை விரிசல் விழும். அச்சு போனால் லாபமும் போச்சு!

மாலிப்டினம் 2,600 டிகிரி தாண்டித்தான் உருகும். ஆனால், அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் அரிக்கும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் சிலிக்கான் நைட்ரைடு பீங்கான் அச்சைச் சோதித்தது. சூட்டுக்கு அசராது; திடீர் மாற்றம்தான் எதிரி. அதனால், அச்சையும் முன்பே சூடாக்குகிறார்கள்.

கொதிக்கும் டீயை ஊற்றும்முன் கண்ணாடி டம்ளரை வெந்நீரில் அலசுவோமே, அதே சூட்சுமம்!