பழைய வாடிக்கையும் தாமதக் கட்டணமும்

கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை, நம் நெசவாளர் இல்லங்களிலும் விவசாயக் குடும்பங்களிலும் புழக்கத்திற்கு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. நூல் வாங்குவதற்கும், பம்புசெட்டைப் பழுது பார்ப்பதற்கும், பிள்ளைகளின் கல்லூரிச் சம்பளத்திற்கும் அது உதவுகிறது. அதனுடன் கூடவே ஒரு மனத்தாங்கலும் வந்து சேர்ந்திருக்கிறது. கெடு நாள் சற்றே தவறியது. பாங்கு தாமதக் கட்டணம் விதித்துவிட்டது. "பதினைந்து வருஷமாக இந்தப் பாங்கிலேயே கணக்கு வைத்திருக்கிறோம், ஒரு தவணையேனும் தவறியதில்லை, எங்களுக்கா இந்த அபராதம்?" என்று அங்கத்தினர்கள் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. ஆயினும், பின்னால் சொல்ல வேண்டியதை அவர்கள் முன்னால் சொல்லிவிடுகின்றனர் என்பது நமது அபிப்பிராயம். பழைய வாடிக்கையை எடுத்துக் கூறித் தயவு வேண்டுவதற்கு முன்னர், அக்கட்டணம் விதிக்கத் தக்கதுதானா என்று பார்த்தல் வேண்டும். தகாத கட்டணமாயின் அங்கே தயவுக்கு வேலையே இல்லை. நேற்றுக் கணக்குத் திறந்தவருக்கும் அது திருப்பித் தரப்பட வேண்டியதாகும்.

ரிசர்வ் பாங்கு 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிறப்பித்து, அவ்வாண்டு ஜூலை 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்த கட்டளைகள் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன. கெடு நாளுக்குப் பின் மூன்று நாட்களுக்கு மேலும் தொகை செலுத்தப்படாமல் நின்றால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம்; கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தவணை தவறியதாக அறிவிப்பதும் அதன் பின்னரே. கெடு 10-ஆம் தேதி என்றால், 12-ஆம் தேதி செலுத்தியவரிடம் கட்டணம் வாங்குவது முறையன்று. அறிவிப்பைப் பற்றிய பகுதியை அங்கத்தினர்கள் அற்பமாக எண்ணலாகாது. நாளைக்குத் தறிக்கோ மாட்டுக்கோ கடன் கேட்டுப் போகும்பொழுது, எந்தப் பாங்கும் முதலில் புரட்டுவது அந்த ஏட்டைத்தான்.

மேலும் ஒரு ஷரத்து உண்டு. தாமதக் கட்டணத்தைக் கெடுவுக்குப் பின் எஞ்சி நிற்கும் தொகையின் மீதே கணக்கிட வேண்டுமேயன்றி, பட்டியலின் முழுத்தொகையின் மீது கணக்கிடலாகாது. தொகை ஏற ஏறக் கட்டணமும் படிப்படியாக ஏறும்படி பாங்குகள் வைத்திருப்பதால், இது சிறிய வேறுபாடன்று. செலுத்தப்படாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கும் வட்டி போடுவது கூடாது என்பதும் அக்கட்டளைகளிலேயே இருக்கிறது. பட்டியல் கைக்கு வந்தபின், வட்டி ஓடத் தொடங்குமுன், பணம் செலுத்தக் குறைந்தது இரண்டு வாரமேனும் இருத்தல் வேண்டும். பட்டியலே பிந்தி வந்திருந்தால் அதனையும் கடிதத்தில் குறிப்பிடலாம்.

ஓர் எச்சரிக்கை. மூன்று நாள் சலுகை தாமதக் கட்டணத்துக்கு உரியது, வட்டிக்கு உரியதன்று. பட்டியலில் காணும் 'குறைந்தபட்சத் தொகை'யை மட்டும் கட்டுவோருக்கு வழக்கமாகத் தாமதக் கட்டணம் வராது. ஆனால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை போய்விடும். மாதத்திற்கு 3½ சதவிகிதம் என்பது காதுக்குச் சிறியதாக ஒலிக்கும். வருஷத்திற்கு அது 42 சதவிகிதம். 30 சதவிகிதத்திற்கு மேற்பட்ட வட்டி முறையற்ற வாணிபம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்திருந்த தீர்ப்பை, உச்சநீதி மன்றம் 2024 டிசம்பர் 20-ஆம் நாள் தள்ளிவிட்டது. ஆகவே அந்த வரம்பை நம்பி இனி எவரும் இருப்பதற்கில்லை.

இனிப் பழைய வாடிக்கைக்கு வருவோம். மூன்று நாளும் கடந்து, தாமதம் நம்முடையதுதான் என்று ஆனபின் அதனைப் பேசலாம். முற்காலத்தில் நூல் கடைக்காரர் நம் பாட்டனாரையும் அறிந்திருந்தார். மழை பெய்து தெருவில் பாவு போட முடியாமற் போனால், பாக்கிக்கு அவர் பொறுத்துக்கொண்டார். (அந்தப் பொறுமையின் விலையை நூல் விலையிலே ஏற்றி வைத்தவர்களும் உண்டு, அது வேறு கதை.) இன்றோ நள்ளிரவில் இயந்திரம் கட்டணத்தை எழுதிவிடுகிறது. மறுநாள் தொலைபேசியில் பேசுபவருக்கு அதனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் ஓரளவு இருக்கலாம், மனமும் இருக்கலாம். உரக்கப் பேசி, கணக்கை முடித்துக்கொள்கிறேன் என்று மிரட்டுபவருக்குக் கிடைப்பது, பணிவாகக் கேட்டவருக்கு மறுக்கப்படுமாயின், அது வாடிக்கைக்கு அளிக்கும் மரியாதை அன்று. இத்தனை ஆண்டு தவறாதவருக்கு இத்தனை ஆண்டில் ஒரு முறை தாமதம் மன்னிக்கப்படும் என்று பாங்குகள் விதியாகவே எழுதி வைத்துவிடட்டும் என்கிறோம். கேட்பவருடைய குரலைப் பொறுத்து நியாயம் மாறக் கூடாது.

நம் கூட்டுறவுச் சங்கங்களில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. தமிழ்நாட்டில் பயிர்க் கடனை உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோர் வட்டி கட்ட வேண்டியதில்லை. அதற்காக எவரையும் போய்க் கெஞ்சவேண்டியதும் இல்லை. எனினும் அங்கும் கெடு தவறிய அளவிலே சலுகை போய்விடுகிறது. அதற்கு முந்தைய பத்தாண்டு ஒழுங்கு எண்ணப்படுவதில்லை. பாங்குகளிடம் நாம் கேட்பதைச் சங்கங்களின் விதிகளிலும் கேட்பதே முறை.

தாமதம் எப்பொழுதும் அசட்டையினால் வருவதும் அன்று. கூலி பிந்தினால் தவணை பிந்துகிறது. ஆலைப் பணம் பிந்தினால் தவணை பிந்துகிறது. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் கிரயம் செலுத்தப்பட வேண்டும் என்றும், தவறினால் வருஷத்திற்கு 15 சதவிகித வட்டி சேர்த்துத் தரவேண்டும் என்றும் விதித்தது. விவசாயிக்கு வரவேண்டிய பணம் தாமதித்தால் 15. அவன் அட்டைக்குக் கட்டவேண்டிய பணம் தாமதித்தால் 40-ஐயும் தாண்டலாம். இந்த இரு எண்களையும் ஆட்சியாளரும் பாங்குக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாக.

முறையீட்டை எழுத்திலே செய்க. பட்டியல் தேதி, கெடு நாள், பணம் செலுத்திய நாள், ரசீது எண் ஆகியவற்றை முதலிலும், வாடிக்கையாளராயிருந்த ஆண்டுகளைப் பின்னரும் எழுதுக. கட்டணத்தின் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. வரியும் சேர்ந்திருக்கும், ரூ. 500 கட்டணம் என்றால் கையை விட்டுப் போவது ரூ. 590. திருப்பிக் கேட்கும்பொழுது அந்த 90 ரூபாயையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். 30 நாட்களுக்குள் பாங்கு பதில் தராவிடினும், தந்த பதில் திருப்தியளிக்காவிடினும், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். அதற்குச் செலவு ஏதும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

அதே கடிதத்தில் மற்றொன்றையும் கேட்கலாம். பட்டியல் கணக்கிடும் நாளை ஒரு முறையேனும் மாற்றிக்கொள்ளும் வசதியை அட்டைதாரருக்கு அளிக்கவேண்டும் என்று ரிசர்வ் பாங்கின் கட்டளை கூறியிருக்கிறது. கூலியோ கொள்முதல் பணமோ கணக்கில் சேரும் தேதி எது, அட்டையின் கெடு எது என்று பார்த்து, முன்னதற்கு ஒரு வாரம் பின்னால் இரண்டாவது விழும்படி மாற்றித் தருமாறு எழுதலாம்.