கடைக் கடனைச் சங்கக் கடனால் தீர்க்கலாமா?

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விதைப்பூண்டையும் உரத்தையும் கடையில் கடனாக எடுக்கும் வழக்கம் உண்டு. மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்று வைத்தால், 50,000 ரூபாய்க்கு ஐந்து மாதத்தில் 7,500 ரூபாய். அதோடு போனால் பரவாயில்லை. கடன் கொடுத்தவரிடமே சரக்கைப் போட வேண்டும். அவர் சொன்னதே விலை, அவர் பிடித்ததே கழிவு. இந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

ஆனால் கடைக்காரர் காகிதம் கேட்பதில்லை. கல்யாணம், காய்ச்சலுக்கும் கை கொடுக்கிறார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1998-இல் வந்த உழவர் கடன் அட்டை இதற்கு மாற்று. தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை. தேதி தவறினால் சலுகை போய்விடும்.

அந்தப் பணத்தை அப்படியே கொண்டுபோய்ப் பழைய பாக்கிக்குக் கட்டுவது சரியல்ல. அது சாகுபடிக்கான கடன். வீட்டுச் செலவு முதலியவற்றுக்கென அதில் சேர்ப்பது பத்து சதவீதம்தான். பாக்கியைத் தீர்த்துவிட்டு, மேலுரத்துக்கு மறுபடி கடைவாசலில் நிற்க நேரும். விதையையும் உரத்தையும் சங்கப் பணத்தில் ரொக்கமாக வாங்குங்கள். பூண்டு விற்ற பணத்தில் முதலில் சங்கத் தவணை, மிச்சத்தில் கடைப் பாக்கி. இரண்டு போகத்தில் கணக்கு நேராகலாம்.

சங்கங்களும் நடவுக்கு முன்பே பணம் தர வேண்டும். விவசாயிகள் சிட்டா, அடங்கலுடன் ஒரு மாதம் முன்னதாகவே மனுக் கொடுப்பது நல்லது. கூட்டுப் பட்டாக்காரர்கள் இன்னும் முன்னதாக.