தூரம் மாறவில்லை, நேரம் மாறியது

ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்று பூகோளப் பாடத்தில் படிக்கிறோம். சென்னையும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 80 பாகை கிழக்கில், வடக்கும் தெற்குமாக அமைந்துள்ளன. இடையே உள்ளது சுமார் 3.4 பாகை. பெருக்கிப் பார்த்தால் 380 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. வான்வழியே அளந்தால் சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணமே அருகில் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கும்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் இவ்விரு நகரங்களின் கதை அக்கணக்கிற்கு அடங்கவில்லை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறையில் இறங்கி, பின் சென்னை வந்து சேர்ந்தது. 1983இல் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. அதன்பின் நெடுங்காலம் நேரடி விமானம் இல்லை. சென்னைக்கு வர விரும்பியவர் முதலில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் வடக்கு நோக்கிப் பறக்க வேண்டும். ஏ–9 நெடுஞ்சாலை மூடப்பட்டிருந்த காலங்களில் கொழும்பு செல்வதே பெரும்பாடாயிற்று.

சற்றே சிந்தித்துப் பாருங்கள், தோழியரே! 1969இல் மனிதன் சந்திரனில் கால் வைத்தான். அதற்குப் பின்னரும், 1947இல் இருந்த ஒரு வான்வழி இல்லாமற் போனது. விஞ்ஞானம் முன்னே செல்லச் செல்ல, யாழ்ப்பாணத்துப் பாட்டி சென்னையிலுள்ள பேரனைக் காணும் வழி மட்டும் நீண்டுகொண்டே போயிற்று. கடல் அகலவில்லை, மனிதர் அகன்றனர்.

போர் 2009இல் முடிந்தும் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 அக்டோபரில் பலாலி, பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. பயணம் சுமார் ஒன்றேகால் மணி நேரமே! 2020இல் கொரோனாவால் நின்ற சேவை, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

சிறிய ஊர், சிறிய விமானம், இதில் என்ன இலாபம் என்று கேட்போர் உண்டு. இருக்கைகள் நிரம்புகின்றனவா என்பதை மட்டும் வைத்து இச்சேவையை எடைபோடுவது சரியன்று என்பதே எங்கள் கருத்து. போருக்கு அஞ்சிப் படகேறி வந்த குடும்பங்கள் பல இன்றும் தமிழகத்து முகாம்களில் வாழ்கின்றன. அவர்களின் உற்றார் அக்கரையில். கட்டணமும் பயண ஆவணங்களும் தடையாக நிற்க, அந்த ஒன்றேகால் மணி நேரம் அவர்களில் பலருக்கு இன்னும் எட்டாக்கனியே. கட்டணம் குறையவும், ஆவணங்கள் எளிதில் கிடைக்கவும் இரு அரசுகளும் வழிசெய்தல் வேண்டும்.

நிலப்படத்தில் அளவுகோலை வைத்துத் தூரம் காண நாம் கற்றிருக்கிறோம். இனி, அவ்வழி யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்கு மூடியிருக்கிறது என்று கேட்கவும் கற்றுக்கொள்வோம்.