கேள்வி கேட்க முடிந்த வார்ட்டே பாதுகாப்பான வார்ட்

கடந்த வருடம் சுகயீனமுற்றிருந்த உம்மாவுடன் அரச வைத்தியசாலையொன்றில் பத்து நாட்கள் தங்க நேர்ந்தது. இரண்டு வார்ட்டுகளில் இருந்தோம். முதலாவது வார்ட்டில் ஊசி ஏற்றுமுன் ஓர் இளம் தாதி தயங்கித் தயங்கி, “சிஸ்டர், இவவுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதென்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கு” என்றார். “டொக்டர் எழுதினதைச் செய்யத் தெரியாதா?” என்று எல்லா நோயாளிகளுக்கும் முன்னால் ஏச்சு விழுந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை வைத்தியரிடம் கேட்டே விட்டது. மருந்து மாற்றப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், உம்மா இன்று நலமாக இருக்கிறார்.

இரண்டாவது வார்ட்டில் காலை ஏழு மணிக்குக் கடமை கைமாறும்போது பொறுப்புத் தாதி கட்டில் கட்டிலாக வந்தார். இரவுக் கடமையில் நின்றவர்களில் ஆகவும் இளையவரிடம்தான் முதலில் கேட்டார்: “தங்கச்சி, ராவு உங்களுக்கு எந்தக் கட்டில் யோசனையாக இருந்தது?”

தலைமைத்துவம் என்றால் என்னவென்று ஆசிரியர் கலாசாலையில் குறிப்பெழுதிப் படித்தவள் நான். அதன் பொருள் அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு விளங்கியது.

2022 பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடங்கள் வரை வெளிநாடு செல்ல அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் தாதியர் பலர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். சம்பளமும் கொடுப்பனவுகளும் அரசு தீர்க்க வேண்டிய விடயங்கள். அவற்றுக்காகத் தாதியர் குரல் கொடுப்பது நியாயமே. ஆனால் எஞ்சியிருப்போரைக் கொண்டு வார்ட்டை நடத்துவது பொறுப்புத் தாதியின் கையில் இருக்கிறது. ஆள் குறைந்த வார்ட்டில் ஒருவர் வாய் திறக்கப் பயந்தால், தவறைக் கண்டுபிடிக்க இன்னொரு கண் இருக்காது.

இது வெறும் நற்பண்பு பற்றிய பேச்சல்ல. உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திரசிகிச்சைக்கென 19 விடயங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் குழுவிலுள்ள ஒவ்வொருவரும் தமது பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. பெயர் சொல்லிப் பேசியவர் பிறகு பிழையைக் கண்டாலும் பேசுவார் என்பதே அதன் நோக்கம். எட்டு நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் இப்பட்டியலைப் பரீட்சித்தபோது மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

கடமை கைமாறும்போது நோயாளியின் நிலைமை, பின்னணி, தனது மதிப்பீடு, செய்ய வேண்டியது என்ற நான்கையும் ஒழுங்காகச் சொல்லும் முறையும் பல நாடுகளில் இருக்கிறது. மூன்றாவதில்தான் விடயம் இருக்கிறது. “நீ என்ன நினைக்கிறாய்?” என்று இளைய தாதியிடமும் அது கேட்கிறது. இவற்றுக்குப் பெரிய செலவில்லை. பொறுப்பிலுள்ளவரின் மனம்தான் இடம்கொடுக்க வேண்டும்.

பாடசாலையிலும் இதே கதைதான். நன்றாகப் படிப்பித்தவரைப் பகுதித் தலைவராக்குவோம். வளர்ந்தவர்களை வழிநடத்த அவருக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. நானும் அப்பொறுப்பில் இருந்தபோது புதிய ஆசிரியை ஒருவரைச் சபையில் வைத்துத் திருத்தினேன். அதன் பின்னர் அவர் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

எமது ஊர்களில் பள்ளிவாசல்களும் நலன்விரும்பிகளும் வைத்தியசாலைகளுக்குக் கட்டிலும் இயந்திரமும் வாங்கிக் கொடுக்கிறார்கள். அது பெரிய சேவை. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு விடயங்களைக் கேட்கலாம்: தாதியருக்கு ஓய்வறை இருக்கிறதா? பொறுப்புத் தாதியருக்குத் தலைமைத்துவப் பயிற்சி கிடைக்கிறதா? நோயாளியைப் பார்க்கச் செல்லும் நாமும் தாதியரிடம் குரலை உயர்த்துவதை விட வேண்டும்.

அன்று அந்த இளம் தாதி ஏச்சுக்குப் பயந்து வாயை மூடியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அடுத்த முறையும் ஒருவர் அப்படித் துணிவார் என்று நம்பி நாம் எமது உம்மாமாரை அனுப்ப முடியாது. துணிச்சல் இல்லாதவருக்கும் பேச இடமிருக்கும் வார்ட்தான் எமக்குத் தேவை.