"எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க"

ஏழாம் வகுப்பில் ஒரு காலை. உதவித்தொகைப் படிவம் வந்திருந்தது. வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு வகுப்பாசிரியர் சொன்னார்: "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க." எழுந்தோம். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. பணம் எங்களுக்கு ஒழுங்காக வந்து சேர வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால், அதுவரை கணக்கில் சந்தேகம் வந்தால் கையைத் தூக்கிக்கொண்டிருந்த நான், அன்றிலிருந்து தூக்கவில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று அவர் எல்லாரையும் கேட்கும் கேள்விதான். அது என் காதில் மட்டும் வேறு மாதிரி விழத் தொடங்கியது.

ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பதற்கு அறிவு மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும். தெரியாது என்று சொன்னாலும் இவர் என்னை மட்டமாக நினைக்க மாட்டார் என்கிற நம்பிக்கை. ஆசிரியரின் தெருவிலிருந்து வரும் பிள்ளைக்கு அது வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. அவன் அப்பாவும் ஆசிரியரும் டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள், கோயில் கொடையில் சேர்ந்து நிற்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மாவோ, மகனைப் பற்றிப் புகார் என்றால்தான் பள்ளிக்கு வருகிறார். "நீங்கதான் சார் அடிச்சுத் திருத்தணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதையும் ஒரு பாடமாகப் படித்துக்கொள்கிறது.

இது வெறும் கூச்சமல்ல. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் உத்தரப்பிரதேச கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வொன்று உண்டு. மாணவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுக்கப்பட்டன. சாதியைச் சொல்லாதபோது தலித் மாணவர்களும் ஆதிக்கச் சாதி மாணவர்களும் ஏறக்குறைய சமமாகவே தீர்த்தார்கள். எல்லார் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் அறிவித்த பிறகு, தலித் மாணவர்கள் தீர்த்த புதிர்கள் குறைந்தன. பரிசு யாருக்கு என்பதில் சீட்டுக் குலுக்கலை நுழைத்தபோது அந்த இடைவெளி மறைந்தது. சீட்டு சாதி பார்க்காது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மனிதர்களைப் பற்றி அவர்களால் அப்படி உறுதியாக இருக்க முடியவில்லை.

"என் வகுப்பில் எல்லாரும் சமம், நான் சாதியே பார்ப்பதில்லை" என்று சொல்லும் ஆசிரியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நீங்கள் பார்க்கிறீர்களா என்பது ஒரு கேள்வி. நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று நம்புவதற்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது காரணம் கொடுத்திருக்கிறீர்களா என்பது இன்னொரு கேள்வி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதியரசர் கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. விவாதங்களில் அதிகம் அடிபட்டது கையில் கட்டும் கயிறுதான். ஆனால் அதே அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, சாதியைக் குறிப்பிட்டு மாணவரை அழைக்கக் கூடாது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள் இருக்கின்றன. இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. இன்று காலை முதல் மணியிலிருந்தே தொடங்கலாம்.

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு ஓர் ஆசிரியை வந்தார். ஒருநாள் எங்கள் தெருவுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்தார். புகார் எதுவும் சொல்லவில்லை. நான் எந்தப் பாடத்தில் நன்றாக எழுதுகிறேன் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் கையைத் தூக்கினேன்.

அந்த ஆசிரியையை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனாலும் நல்ல ஆசிரியர் வாய்ப்பது குலுக்கல் சீட்டாக இருக்கக் கூடாது. சந்துரு குழுவின் இந்தச் சின்னப் பரிந்துரைகள் உங்கள் ஊர்ப் பள்ளியில் நடைமுறையில் இருக்கின்றனவா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். பி.எட். படிக்கும் தோழர்களே, நாளை உங்கள் கைக்கும் ஓர் உதவித்தொகைப் படிவம் வரும். யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்.